போர்டில் போட்டதை யார் பார்த்தது?

போன வாரம் கடலூர் போக்குவரத்துப் பிரிவிலிருந்து கயல்விழி மேடம் போன் செய்தார். சப் இன்ஸ்பெக்டர். நான் விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது என் நாற்காலி அவருக்குப் போனது. நாற்காலியோடு, சாலையோரம் நிறுத்தும் மூன்று டிஜிட்டல் போர்டுகளும், அவற்றில் போட்டதைப் பதியும் நீளமான ஒரு பதிவேடும் போயின.

"ஏட்டய்யா, ஒரு சந்தேகம். புது சிஸ்டம் வருது. ரெஜிஸ்டரை கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. தேதி, நேரம், இடம், வாசகம், உத்தரவு, எல்லாம் சரி. கடைசியில 'பார்த்தவர்'னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு? வேற எந்த ஊர்லயும் இல்லையாம். எடுத்துடலாமான்னு கேக்குறாங்க."

"எடுக்காதீங்க மேடம்."

"ஏன்?"

அடுப்பில் பால் இருந்தது. "எழுதி அனுப்புறேன்" என்றேன். பால் அதற்குள் பொங்கி வழிந்தது. மூன்று வரியில் முடிப்பதுதான் என் வேலையாக இருந்தது, மேடம். இது மூன்று வரியில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓய்வு மனுவில் முழங்கால் வலி என்று காரணம் எழுதினேன். முழங்கால் அதை மறுக்கவில்லை.

முதல் இருபது வருடத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். விசில், வெள்ளைக் கையுறை, வெயில். மஞ்சக்குப்பத்தில் ஒரு சிக்னல், திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டு வாசல், முதுநகரில் ஒரு முச்சந்தி. கையை நீட்டினால் டவுன் பஸ் நிற்கும். ஷேர் ஆட்டோ யோசிக்கும். டூவீலர் கைக்குக் கீழே குனிந்து போகும். புயல் வந்தால் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் சாயாத மரமாக நான் நிற்பேன். இதற்கு நடுவில் எனக்கு வரிகளை உடைத்து உடைத்து எழுதும் பழக்கம் இருந்தது. செலான் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் லூர்துசாமி கூப்பிட்டார். அவர் மேஜையில் என் செலான் புத்தகம் குப்புறக் கிடந்தது.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"'மழை இன்று சிக்னலில் நிற்காமல் போய்விட்டது.' என்ன இது?"

"சும்மா சார்."

"'இன்று' தேவையில்ல" என்றார். "திங்கக்கிழமை மூணு போர்டு வருது. நீங்கதான் பாத்துக்கணும்."

இலக்கியத்துக்காக எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. பதவி மட்டும் உயரவில்லை.

டிரெய்லர் வண்டியில் நிறுத்திய கறுப்புப் பலகை. தலையில் சோலார் தகடு. ஆரஞ்சு எழுத்து. மூன்று வரி, வரிக்குப் பதினாலு எழுத்து, நடுவில் விடும் இடமும் ஒரு எழுத்தாகக் கணக்கு. லேப்டாப்பிலோ போனிலோ அடித்து அனுப்பினால் எரியும். மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

உண்மையான பயிற்சி லூர்துசாமி சாரிடம். ஒல்லியான மனிதர். சத்தம் போட மாட்டார், கான்ஸ்டபிளைக்கூட 'நீங்க' என்பார். கோபம் வந்தால் வாட்ச் பட்டையை ஒரு ஓட்டை இறுக்குவார். திருவிழா நாளில் சாயங்காலத்துக்குள் அவருக்குக் கை மரத்துப் போய்விடும் என்று மாரிமுத்து சொல்லுவான். மாரிமுத்து என் பேட்ச், என் மனைவிக்குத் தம்பி முறை. அதனால் சீருடையிலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு வாசகம் தெருவுக்குப் போவதற்கு முன் தேர்வு எழுத வேண்டும். ஆல்பேட்டைப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலையில் போர்டை நிறுத்துவோம். மாரிமுத்து பைக் ஓட்டுவான், சரியாக நாற்பது வேகத்தில். சார் பின்னால் உட்கார்ந்திருப்பார். போர்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் வண்டி நிற்கும். சார் இறங்கி, கண்ணை மூடி, என்ன படித்தார் என்று ஒப்பிப்பார். நான் எழுதியதும் அவர் ஒப்பித்ததும் ஒன்றாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் கண்ணைத் திறக்காமலே சொல்லுவார்:

"இன்னும் ஒரு வார்த்தை சாகணும்."

'பொதுமக்கள்' செத்தார்கள். 'தயவுகூர்ந்து' செத்தது. 'அன்பான வாகன ஓட்டிகளே' ஒரே நாளில் மூன்று பேராகச் செத்தார்கள். "படிச்சு முடிக்கிறதுக்குள்ள லாரி முட்டிடும். அன்பு அப்புறம் காட்டிக்கலாம்" என்றார்.

மாரிமுத்து பைக்கை ஸ்டாண்டு போட்டபடி, "மச்சான், உன் கவிதையைப் படிக்கிறதுக்குப் பெட்ரோல் போட்டு ஆள் கூட்டிட்டு வர வேண்டியிருக்கு பாரு" என்பான்.

அவர் வைத்திருந்த இன்னொரு விதி. போர்டு இரண்டு வகையாகப் பேசும். 'செல்க', 'நிற்க', 'திரும்புக' என்பது ஏவுகிற வேலை. அதற்கு ஒரு உத்தரவு போதும். 'நிரம்பியது', 'மூடல்', 'விபத்து' என்பது சேதி. சேதி போட வேண்டுமென்றால் சார் ஒரே கேள்விதான் கேட்பார்.

"யார் பார்த்தது?"

"தகவல் வந்துச்சு சார்."

"தகவலுக்குக் கண்ணு கிடையாது. யார் பார்த்தது?"

அந்த இடத்தில் நிற்கிற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு பேர் வேண்டும். வயர்லெஸ்ஸில் அவர் குரலிலேயே 'நான் பாத்தேன்' என்று வர வேண்டும். அதன் பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகலாம்.

முதல் பெரிய விழா சிதம்பரம் தேர். பந்தோபஸ்துக்கு ஒரு போர்டை இழுத்துக்கொண்டு போனோம். தேர் காலையில் கிளம்பி நாலு வீதியும் சுற்றும். தேர் எந்த வீதியில் இருக்கிறதோ அந்த வீதிக்கு வெளியூர் வண்டிகள் வராமல் தடுக்க வேண்டும். வண்டிகேட் பக்கம் போர்டை நிறுத்தினேன். மேல வீதியில் தேர் நுழைந்ததை ஒரு கான்ஸ்டபிள் பார்த்தார், பேர் சொன்னார், 'நான் பாத்தேன்' என்றார். எல்லாம் முறைப்படி. நான் போட்டேன்:

தேர் மேல வீதியில்
வருகிறது
வேறு வழி செல்க

போட்டுவிட்டு ஒரு டீ சொன்னேன். டீ வருவதற்குள் வேன்கள் ஓரம் கட்டின. பஸ்ஸிலிருந்து ஜனங்கள் குதித்தார்கள். கையில் பூக்கூடை, தேங்காய்ப் பை. ஒரு பெரியவர் என்னிடம் வந்து கும்பிட்டார். "நல்லா இருப்பப்பா. காலையில இருந்து தேர் எங்க இருக்குன்னு தெரியாம அலையுறோம். மேல வீதியா? வாங்கடி, வாங்கடி."

மூன்றாவது வரியை யாரும் படிக்கவில்லை. கால் மணி நேரத்தில், போகக் கூடாது என்று நான் எழுதிய வீதிக்கு ஊரே போய்விட்டது.

லூர்துசாமி சார் வந்து போர்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாட்ச் பட்டையை ஒரு ஓட்டை இறுக்கினார்.

"நீங்க எழுதினது எச்சரிக்கை இல்ல, ஏட்டு. அழைப்பிதழ்."

அப்புறம் கும்பகோணம் போகிற வண்டிக்கு எது வழி என்று மட்டும் போட்டோம். தேரைப் பற்றி மூச்சு விடவில்லை. தேர் எங்கே என்று தெரியாமல் கூட்டம் நாலு வீதிக்கும் சமமாகப் பிரிந்துகொண்டது. அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன். சாமி எங்கே இருக்கிறது என்று போர்டில் போட்டால் ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். படித்ததை இரண்டு வருடத்தில் மறந்தேன். அதற்கு வருகிறேன்.

மாசி மகத்தன்று எங்கள் பக்கத்துத் தெய்வங்கள் எல்லாம் கடலுக்குப் போகும். உங்களுக்குத் தெரியும், மேடம். இதைப் படிக்கப் போகிற கம்ப்யூட்டர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ஊராக, டிராக்டரில், மினி லாரியில், தோளில். தேவனாம்பட்டினம் கரையில் வரிசையாக நின்று தீர்த்தவாரி ஆகும். போக்குவரத்துப் பிரிவின் கண்ணில் அத்தனை பேரும் 'சாமி வண்டி' என்ற ஒரே ரகம். சாமி வண்டிக்கு டோக்கன் உண்டு, தனி ஓரம் உண்டு. நிறுத்துமிடம் வேண்டியதில்லை, நேராகக் கரைக்குப் போகலாம். பக்தர்கள் வருகிற வேன், கார்தான் கடற்கரை நிறுத்தத்துக்குப் போகும். அது நிரம்பினால் புறவழிச் சாலை மைதானத்துக்கு அனுப்புவோம். அங்கேயிருந்து பஸ்.

அந்த வருடம் பீச் ரோடு திருப்பத்தில் ஒரு போர்டோடு நான். மற்ற இரண்டு போர்டும் மைதானத்துக்குப் போகிற சாலையில். கரையில் லூர்துசாமி சார். மைதானத்தில் மாரிமுத்து. மணி எட்டு நாற்பது. வேன்கள் வாலாக நீண்டு நிற்கின்றன. நிறுத்தத்தில் இருந்த ஆளை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், கரகர என்றது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கரகர. பதிவேட்டைப் புரட்டினேன். போன வருடம் எட்டே முக்காலுக்கு நிரம்பியது. அதற்கு முன் வருடம் எட்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிஷத்தில் நிரம்பத்தான் போகிறது, பத்து நிமிஷம் முன்னால் சொன்னால் என்ன.

கடற்கரை நிறுத்தம்
நிரம்பியது
புறவழி மைதானம் செல்க

பட்டனைத் தட்டினேன். வேன்களின் வால் திரும்பியது. வாலுக்கு நடுவில் என்னென்ன திரும்பின என்று நான் பார்க்கவில்லை. சாலை மூச்சு விட்டது. எனக்கு ஒரு திருப்தி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும்.

ஒன்பது இருபதுக்கு வயர்லெஸ்ஸில் சார் குரல்.

"ஏட்டு, நான் நிறுத்தத்துல நிக்கிறேன். பாதி இடம் காலி. ரெண்டு ஆடு மேயுது. டூவீலரை எல்லாம் இந்த வருஷம் வேற பக்கம் அனுப்பியிருக்கோம்னு காலையிலயே சொன்னேன். நிரம்பியதுன்னு போர்டு சொல்லுதாம். யார் பார்த்தது?"

வாசகத்தை அணைத்தேன். கறுப்புப் பலகை மட்டும் நின்றது.

அணைத்த கையோடு மொபைல் அடித்தது. மாரிமுத்து.

"மச்சான், இங்க ஒரு அம்மன் வந்து நிக்குது."

"சாமி வண்டி அங்க ஏண்டா வருது?"

"போர்டு சொன்னுச்சாம்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். அந்தக் கோட்டை அன்றைக்கு மதித்த ஒரே வண்டி அந்த மினி லாரி. இரண்டு வேன்களுக்கு நடுவில், கோட்டுக்குள், நேராக. சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்கூட வைத்திருந்தார்கள். மேலே பச்சைப் பட்டும் வேப்பிலையுமாக முத்தாலம்மன், முன்னால் நின்ற வேனின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி. மேளக்காரர்கள் மேளத்தின் மேல் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே டோக்கன், ஒன்பதாம் எண். பேர் சகுந்தலா. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அங்கே பக்கத்தில் இருக்கிற காலனியின் அம்மன் இது. இத்தனை வருடமும் எல்லா ஊர்ச் சாமியும் முடித்துக் கிளம்பிய பிறகு, கடைசியில், ஓரமாகக் குளித்துவிட்டுப் போன அம்மன். இந்த வருடம்தான் முதல் முதலாக வரிசையில் இடம். அதற்காக இந்த அம்மா அலைந்த அலைச்சலில், தாலுகா ஆபீஸ் வாட்ச்மேன் இவரை ஊழியர் என்றே நினைத்துவிட்டாராம்.

"நீங்கதான் போர்டா?" என்றார்.

"ஆமா."

"பார்க்கிங் நிரம்பிடுச்சு, மைதானத்துக்குப் போன்னு போட்டிருந்துச்சு. வந்துட்டோம். இங்க வந்தா பஸ்ஸுல போங்கன்றாங்க. அம்மனை பஸ்ஸுல ஏத்த மாட்டேன்றாரு கண்டக்டர். நிக்கிற உருப்படி ஏத்த ரூல் இல்லியாம்."

"சாமி வண்டிக்கு அந்த போர்டு இல்லம்மா. டோக்கன் இருந்தா நேரா போலாம். மத்த ஊரு வண்டியெல்லாம் அப்படித்தான போச்சு?"

"பாத்தோம் சார். எங்களுக்கு முன்னாடி ரெண்டு வண்டி. போர்டை ஏறெடுத்துக்கூடப் பாக்கல, போய்க்கினே இருந்தாங்க. அவுங்க போலாம். நாங்க போனா, போர்டுல போட்டிருந்தும் மீறிட்டு வந்தாங்கன்னு பேச்சு வரும். அப்படிச் சொல்றதுக்குன்னே ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. நான்தான் டிரைவர்கிட்ட சொன்னேன். போர்டு சொல்றபடி போ, ஒரு குத்தம் நம்ம மேல வரக் கூடாதுன்னு."

என் வாசகங்களை இவ்வளவு முழுமையாக, மூன்றாவது வரி வரைக்கும், யாரும் படித்ததில்லை. நம்பிப் படித்தார்கள். நான் பார்க்காமல் எழுதியதை.

"பத்தரைக்குள்ள வரிசையில நிக்கணும் சார். இல்லன்னா வரலைன்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா டோக்கன் போச்சு, அடுத்த வருஷம் வேற ஊருக்கு."

மணி ஒன்பது நாற்பது. கரைக்குத் திரும்பும் சாலையில் நான் திருப்பிவிட்ட வேன்கள் எல்லாம் எதிரே வந்துகொண்டிருந்தன. நான் எழுதிய மூன்று வரி, ஆயிரம் சக்கரத்தோடு.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "சார், 'விபத்து, சாலை மூடல்'னு போட்டா அஞ்சு நிமிஷத்துல ரோடு காலியாயிடும்" என்றேன்.

"எங்க விபத்து?"

சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"யார் பார்த்தது?"

வாட்ச் பட்டை இறுகும் சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்காது. எனக்குக் கேட்டது.

"இப்ப உங்க கண்ணு முன்னாடி என்ன இருக்கு ஏட்டு?"

"சாமி இருக்கு சார்."

"அதைப் போடுங்க."

போனிலிருந்தே மூன்று போர்டுக்கும் அனுப்பினேன்.

முத்தாலம்மன் வருகிறாள்
சாமி வண்டிக்கு
வழி விடுங்கள்

முன்னால் என் பைக், பின்னால் அம்மன். மேளம் எழுந்தது. நிஜமாகவே சாலை பிளந்தது. வேன்கள் மண்ணில் இறங்கி ஒதுங்கின. முதல் போர்டு வந்ததும் லாரியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் அம்மனின் பேர், ஒரு முழ உயரத்தில், ஆரஞ்சு வெளிச்சத்தில். யாரோ குலவை இட்டார்கள்.

சிதம்பரத்துப் பாடத்தை நான் மறந்தது அப்போதுதான் தெரிந்தது. சாமி வருகிறாள் என்று எழுதினால் ஜனங்கள் வழியும் விடுவார்கள், வழியில் வந்தும் நிற்பார்கள். ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், ஒரு கற்பூரத் தட்டு. "எந்த ஊரு அம்மன்? நிறுத்துப்பா, ஒரு நிமிஷம்." காலனிக்கு வெளியே அந்த அம்மனுக்குக் கற்பூரம் காட்டியவர்கள் அதற்கு முன் கிடையாது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சகுந்தலா ஒரு கையில் டோக்கனும் ஒரு கையில் குங்குமத் தட்டுமாக நின்றார். எந்தக் கையை நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஹாரன் அடித்தேன். ஒரு பாட்டி என்னை முறைத்து, "சாமிக்கே ஹாரன் அடிக்கிறியா?" என்றாள்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது.

சாமியானா பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு, வரிசையைக் கவனிக்கிற கமிட்டியின் செயலாளர் சிகாமணி உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டு. நேர்மையான மனிதர். அதுதான் கஷ்டம்.

"ஒம்போதா? மைக்குல மூணு தடவை கூப்டோம். வரல. 'வரவில்லை'ன்னு எழுதியாச்சு."

"வந்துட்டோமேங்க. தோ நிக்குது பாருங்க அம்மன்."

"நேரத்துக்கு வரலையேம்மா."

பின்னாலிருந்து ஒரு குரல்: "மொத வருஷமே இப்படி. இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னோம்." இன்னொருவர் சிரித்தார்.

சகுந்தலா அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க."

"போர்டுல ஒரு தப்பு ஆயிடுச்சுங்க..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்றது காத்துல போயிடும் சார். நோட்டுல எழுத்தா இருக்கு. எங்களுக்கும் எழுத்தா குடுங்க. நீங்க பாத்துட்டா போட்டீங்க? பாக்காம போட்டீங்கன்னா, பாக்காம போட்டேன்னு எழுதிக் குடுங்க."

மாரிமுத்து என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான். மைதானத்திலிருந்து எங்கள் பின்னாலேயே வந்திருந்தான். "மச்சான், கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாத. சாயங்காலத்துக்குள்ள மெமோ வரும். சாரி சொல்லு, சாமிக்கு ஒரு மாலை வாங்கிப் போடு, வந்துடு."

"அவுங்க டோக்கன் போயிடும்டா."

"உன் சர்வீஸ் புக்கு?"

லூர்துசாமி சார் பந்தலுக்குள் வந்தார். யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. நோட்டைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை வாட்ச் பட்டைக்குப் போனது. அதற்கு மேல் ஓட்டை இல்லை. கையை எடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மூணு வரி" என்றார். "வரிக்குப் பதினாலு எழுத்து."

கடல் காற்றில் தாள் பறந்தது. மாரிமுத்துதான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், திட்டிக்கொண்டே. நான் எழுதினேன்.

நிறுத்தம் நிரம்பவில்லை
நான் பார்க்கவில்லை
இவர்கள் மேல் தவறில்லை

கீழே பேர், நம்பர், நேரம். சார் வாங்கிப் படித்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூடச் சாகவில்லை. கண்ணைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார்.

சிகாமணி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

சிகாமணி நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அளவுகோல் வைத்து 'வரவில்லை' என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார்: 'வந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் போர்டு.' தாளை நோட்டோடு குண்டூசியால் குத்தினார். பின்னால் சிரித்தவர் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் சத்தம் குறைந்தது.

நோட்டில் ஒன்பதாம் எண் ஒன்பதாம் இடத்திலேயே இருந்தது. கடலில் அப்படி இல்லை. வரிசை கலைந்துவிட்டது. எப்போதும் போல, எல்லோரும் முடித்த பிறகு, கடைசியில்தான் முத்தாலம்மன் இறங்கினாள். அலை வந்து பச்சைப் பட்டை ஈரமாக்கியது. இன்னொரு அலை வந்தது. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது.

சகுந்தலா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. ஈரப் புடவையோடு லாரியில் ஏறும்போது, "அடுத்த வருஷம் பாத்துட்டு போடுங்க" என்றார்.

மெமோ வந்தது. சாரே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கம். "இதுல நெறைய வார்த்தை ஜாஸ்தி" என்றார். விளக்கம் கேட்டிருந்தார்கள், அதே மூன்று வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கண்டனம் என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. அதைப் படித்துக் காட்டியவர் மூச்சு வாங்கினார், அவ்வளவு நீளம்.

அன்றைக்கே சார் பதிவேட்டை வாங்கி, அளவுகோலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து, கடைசியில் ஒரு கோடு கிழித்தார். மேலே 'பார்த்தவர்' என்று எழுதினார். மாசி மகத்துப் பக்கத்துக்கே திரும்பிப் போய் அதையும் நிரப்பச் சொன்னார். எட்டு நாற்பது, 'நிரம்பியது', பார்த்தவர்: யாரும் இல்லை. ஒன்பது நாற்பது, 'முத்தாலம்மன் வருகிறாள்', பார்த்தவர்: என் பேர். நீங்கள் போய்ப் பாருங்கள் மேடம், அந்தச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கும். கொஞ்சம் கோணல். அவர் கிழித்ததில் நான் பார்த்த ஒரே கோணல்.

அடுத்த வருட மாசி மகம். பீச் ரோடு திருப்பத்தில் நான். காலை ஒன்பதுக்கு மினி லாரி வந்தது. டோக்கன் உண்டு, நேராகப் போகலாம் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் லாரி போர்டுக்குக் கீழே நின்றது. சகுந்தலா இறங்கினார். தலையைத் தூக்கி மூன்று வரியையும் படித்தார். 'கரைக்கு வழி உள்ளது' என்று போட்டிருந்தேன். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது, ஷேர் ஆட்டோக்காரர் ஏதோ கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. என்னிடம் நடந்து வந்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்களேவா?"

"காலையில அஞ்சு மணிக்குக் கரை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன். இப்ப அங்க நிக்கிறவர் பேரும் இருக்கு. காட்டட்டுமா?"

பதிவேட்டைக் காட்டினேன். கட்டத்தில் விரல் வைத்துப் படித்தார். பிறகு ஏறினார், லாரி போனது. பத்தரைக்கு முன்னால், ஒன்பதாம் இடத்தில், அம்மன் வரிசையில் நின்றாள். கரையில் இருந்த மாரிமுத்து வயர்லெஸ்ஸில், "ஒம்போது வந்தாச்சு, நான் பாத்தேன்" என்றான். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசி மகத்திலும் அந்த லாரி போர்டுக்குக் கீழே நின்றது. ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி. நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு தடவைகூட அவர் கேட்காமல் போகவில்லை. நானும் பார்க்காமல் பதில் சொல்லவில்லை.

நேற்று நீங்கள் மறுபடி போன் செய்து, புது சிஸ்டத்தில் கேமரா இருக்கிறது, அதுவே பார்த்து அதுவே போட்டுக்கொள்ளும், வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் கேமரா நம்பரைப் போட்டுவிடலாம் என்றீர்கள். போடுங்கள் மேடம். கேமரா என்னைவிட நன்றாகப் பார்க்கும், அதற்கு முழங்கால் வலிக்காது.

ஆனால் வருகிற மாசி மகத்தன்று ஒன்பது மணிவாக்கில் ஒரு மினி லாரி வந்து உங்கள் போர்டுக்குக் கீழே நிற்கும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். கையில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு அம்மா இறங்கி, மூன்று வரியையும் படித்துவிட்டு, உங்களைத் தேடி நடந்து வருவார். பதில் வாங்காமல் வண்டியை எடுக்க விட மாட்டார். கேமரா நம்பருக்குக் கீழே உங்கள் பேரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு தடவை கரை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுங்கள்.